உடையாத கை

கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவளைக் கத்திக்காரி என்று கூப்பிட்டால் அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அங்கே கத்தி பிடிக்கிற பெண்கள் ஒரு வரிசை நிறைய இருந்தார்கள். ஆனால் பெயர் இவள் ஒருத்திக்குத்தான். அது தொழிலில் வந்த பெயர் இல்லை, கோபத்தில் வந்தது.

அவள் நிற்கிற இடம் பிளேடு இயந்திரத்துக்கு அடுத்தது. கோழிகள் கால் மேலே, தலை கீழே என்று கொக்கிகளில் தொங்கிக்கொண்டு வரும். மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் தலை முங்கி மயங்கும். பிறகு சுழலும் பிளேடு கழுத்தைச் சீவும். சில கோழிகள் மட்டும் தொட்டிக்கு மேல் வரும்போது தலையைத் தூக்கிக்கொள்ளும். மயங்காது, பிளேடிலும் சிக்காது. சிறகை அடித்துக்கொண்டு, முழித்த கண்ணோடு மறுபக்கம் வந்து சேரும். அவற்றை ஒரே இழுப்பில் முடிப்பதுதான் கத்திக்காரியின் வேலை. நாள் முழுக்க முகத்தில் ரத்தம் தெறிக்கும். சேர்ந்த புதிதில் வாந்தி எடுத்தாள். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவளோடு வம்பு பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாக ஆகும். உடை மாற்றும் அறையில் துவாரம் போட்டுப் பார்த்த எலக்ட்ரீஷியனின் இரண்டு விரல்களைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறாள். வாடகை வீட்டுக்காரனின் மகன் மாடிப்படியில் வழிமறித்தபோது அவன் காது மடலைக் கடித்துத் துப்பியிருக்கிறாள். ஒன்றுகூட போலீஸ் வரைக்கும் போகவில்லை. காரணம் அவள் அக்கா. தங்கை யாரையாவது அடித்துவிட்டாள் என்று காதில் விழுந்ததும் அக்கா கிளம்பிவிடுவாள். அடிபட்டவன் வீட்டு வாசலில் நின்று, "சின்ன பொண்ணுங்க, தாயில்லாம வளர்ந்தவ" என்று கண்ணைக் கசக்குவாள். தங்கைக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சின்னப் பெண்ணாம்!

அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாகக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள். வெளிநாட்டில் ஓர் இறைச்சித் தொழிற்சாலைக்குக் கத்தி பழகிய ஆட்கள் வேண்டும் என்று வந்தவர்கள் இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விண்ணப்ப வேலைகளைக் கவனித்த ஏஜென்ட் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"உடம்புல தொத்து நோய் இருக்கக் கூடாது. நீங்க நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியணும். உங்க பேர்ல ஒரு கேஸ் இருக்கக் கூடாது. இந்த மூணுல எது இடிச்சாலும் அவ்வளவுதான். உங்களப் பத்தி நாலு பேர் சொல்லிக் கேள்விப்பட்டேன். விசா கைக்கு வர்ற வரைக்கும் எவன் மூஞ்சில துப்பினாலும் துடைச்சிட்டுப் போங்க."

துடைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஒருவன் பின்னால் வந்து ஒட்டி நின்றான். பழைய கத்திக்காரியாக இருந்தால் அவன் பல்லை எண்ணிக் கையில் கொடுத்திருப்பாள். இப்போது பாதி வழியிலேயே இறங்கி, வெயிலில் தொழிற்சாலை வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். அவமானத்தில் வந்த அழுகை இல்லை அது. அடிக்க முடியாத ஆத்திரத்தில் வந்தது.

இவ்வளவையும் அவள் பொறுத்தது தனக்காக இல்லை. போய்ச் சேர்ந்து, நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்ததும் அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒரே நினைப்புதான் அவள் கையைப் பைக்குள் கட்டிப் போட்டிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். அம்மா செத்துப் போனபோது இவளுக்கு நாலு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பா லாரி ஓட்டினார். வீட்டுக்கு வருகிற நாளில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அது ஆணியில் தொங்கிய நேரம் குறைவு. ஒருநாள் சின்னவள் ரேடியோவைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். "எவடி உடைச்சது?" என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் அக்கா முன்னால் வந்து, "நான்தான்" என்றாள். பெல்ட்டின் கொக்கி அவள் முதுகில் பதிந்து, சட்டை சதையோடு ஒட்டிக்கொண்டது. சின்னவள் வெந்நீர் வைத்து ஊற வைத்து அந்தச் சட்டையை உரித்தெடுத்தாள். அக்கா அப்போதும், "ரேடியோ போனா போவுதுடி, பாட்டு எனக்கே வரும்" என்று முனகலாகப் பாடிக் காட்டினாள். அன்றைக்குப் பிறகுதான் தங்கை அடிக்கக் கற்றுக்கொண்டாள். அக்கா கற்றுக்கொள்ளவே இல்லை.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு ஒரு புருஷன் வந்தான். டயர் கடை வைத்திருந்தான். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, நடுவில் முற்றம். பேச்சு தேனாக இருக்கும், வாடிக்கையாளர்களிடம் மட்டும். கடையில் சாயங்காலம் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டால் தெருவில் இருக்கிறவர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள். நல்லவர்கள்! அக்கம்பக்கத்தின் நிம்மதி கெடக் கூடாதில்லையா.

முதல் தடவை தாடை உடைந்தது. கடைச் சாவியைத் தப்பான ஆணியில் மாட்டிய குற்றத்துக்கு. அக்காவைத் தூக்கிக்கொண்டு தங்கை தொழிற்சாலை ஊழியர்களுக்கான மருத்துவமனைக்கு ஓடினாள். வேறு நல்ல மருத்துவமனை அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கட்டுப்படி ஆகாது. ஊழியர் அட்டையில் புருஷன், பிள்ளை, பெற்றோர் வரைக்கும்தான் சேர்க்கலாம். அக்காவுக்கு அதில் இடமில்லை. அட்டையில் போட்டோவும் இல்லை. கவுண்ட்டரில் இருந்தவள் அட்டையைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டு நின்ற அக்காவை முன்னால் தள்ளி, "இவங்கதான்" என்றாள் தங்கை. ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. விலா எலும்புகள் ஒரு தடவை. பிறகு இடது முன்கை. டயரை நெம்புகிற இரும்புக் கம்பியால் அடித்ததில் இரண்டு எலும்பும் போய், உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். அந்தத் தடவை வந்த இளம் டாக்டர் விடாக்கண்டர். "எப்படி ஆச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டார். மயக்க ஊசியின் போதையில் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் எழுதிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கட்டிலில் படுத்திருந்தவள் அக்கா, எழுதப்பட்ட பெயர் தங்கையுடையது. பத்தியக் கஞ்சியைக் கரண்டியில் ஊட்டும்போது அக்கா கேட்பாள்:

"இன்னைக்கு நான் நீயா, நானாடி?"

"நீ நான்தான். வாயைத் தொற, வழியுது."

இருவரும் சிரிப்பார்கள். அக்காவுக்குத் தாடை வலிக்கும்.

குடியேறுகிறவர்களுக்கான பரிசோதனை நிலையத்தில் கத்திக்காரி நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாள். ரத்தம் எடுத்தார்கள். கொடுத்தாள். நெஞ்சைப் பலகையில் அழுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். தடுப்பூசி போட்ட விவரம் வேண்டும், எந்த மருத்துவமனை என்று கேட்டார்கள். "அட்டை நம்பர் தரேன், எல்லாம் அதுலயே இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். தடுப்பூசியைக் கேட்டால் தடுப்பூசி மட்டும்தான் வரும் என்று நினைத்தாள் பாவம். எல்லாம் வந்தது.

சில நாள் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மாள் நடுத்தர வயதுக்காரி, அலுத்த முகம், அன்பான குரல். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"எலும்பு முறிவு?"

"எனக்கா? மத்தவங்களுக்குத்தான் ஆகும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "இடது கையை நீட்டுங்க" என்றாள். முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கட்டை விரலால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே போனாள். தையல் தழும்பு இல்லை, ஒன்றும் இல்லை. கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். படம் வந்ததும் அதைத் திரையில் போட்டு, அவள் பக்கமாகத் திருப்பினாள். இரண்டு எலும்பும் முழுசாக, நேராக நின்றன.

"உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டுல, இந்தக் கையில தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கணும். விலா எலும்பு மூணு முறிஞ்சு கூடியிருக்கணும். தாடையில கம்பி கட்டின அடையாளம் இருக்கணும். உங்ககிட்ட ஒண்ணுமே இல்லை. இன்னொன்னு. விண்ணப்பத்துல கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. இதுல கணவர் தாக்கியதுன்னு இருக்கு, போலீஸுக்கும் தகவல் போயிருக்கு." நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்க பேர்ல வேற யாராவது போயிருக்காங்களா? இல்லை, வேற ஒருத்தர் பேர்ல நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

கத்திக்காரியிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். நீ நீதானா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கல்யாணமே ஆகாதவளுக்கு அடிக்கிற புருஷன், உடையாத கைக்குள் இரும்புத் தகடு! அவளுடைய குற்றம் என்னவென்றால், எலும்பெல்லாம் ஒழுங்காக இருப்பது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கு அடிக்கத் தெரிந்த அளவுக்குப் பொய் சொல்ல வராது.

"எங்கக்கா" என்றாள். "அட்டை என்னுது, அடி அவளுது."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க உடம்புல இதெல்லாம் இருக்கான்னு நான் பாக்கணும். இது எனக்கு நடந்த காயம், இன்னார் அடிச்சதுன்னு அவங்க கையெழுத்துப் போடணும். மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா, ஆள் யாருன்னு உறுதியாகலைன்னு எழுதி அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை. கையெழுத்துப் போட்டா அது போலீஸுக்கும் போகும். அதையும் சொல்லிடறேன். யோசிச்சு வாங்க."

அவள் யோசித்தது என்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள், அல்லது பயப்படுவீர்கள். மறுநாள் தொழிற்சாலையில், குளிர் அறையின் கனத்த இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றாள். இடது கையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்தாள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒரே இழுப்பு போதும். ரெக்கார்டு சரியாகிவிடும், அக்காவின் பெயர் எங்கேயும் வராது. அப்புறம்தான் தகடு நினைவுக்கு வந்தது. கையை உடைத்துக்கொள்ளலாம், பழைய தகட்டுக்கு எங்கே போவது? கதவை ஓங்கி உதைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அன்று முழித்துக்கொண்டு வந்த கோழிகளுக்கு நல்ல காலம் இல்லை.

அக்காவிடம் சொன்னபோது அவள் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். வலது கையால் மட்டும் பிழிவாள். ஒரு நுனியைக் குழாயில் சுற்றிக்கொண்டு முறுக்குவாள்.

"அந்தாளுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும்க்கா. போலீஸ் வந்து கேக்கும்."

"கொன்னுடுவான்டி."

"அதனாலதான் வேணாங்கறேன். ஏஜென்ட்கிட்ட வேற ஊர் பாக்கச் சொல்றேன்."

அக்கா துணியை உதறிக் காயப் போட்டாள். பிறகு, "உன் பேரைக் கெடுத்து வெச்சிருக்கேன் பாரு" என்றாள். "நான் வாங்கின அடிக்கு நீ ஏன்டி ஊர் போகாம இருக்கணும்? நாளைக்கே போலாம். அந்தாளு டயர் வாங்கப் போவான்."

போனார்கள். அக்கா சட்டைக் கையைச் சுருட்டியதுமே டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தையல் தழும்பு ஓடியது. படத்தில் தகடும் திருகாணிகளும் வெள்ளையாகத் தெரிந்தன. ஆனால் உடம்பு முழுக்க எடுத்த படங்களில் ரெக்கார்டில் இல்லாதவையும் இருந்தன. தங்கைக்கே தெரியாத முறிவுகள். இரண்டு விரல், ஒரு தோள்பட்டை எலும்பு, எல்லாம் தானாகக் கோணலாகக் கூடியவை. "இதெல்லாம் எப்ப?" என்று தங்கை கேட்டாள். "உனக்கு லீவு கிடைக்காத நாள்ல" என்றாள் அக்கா, ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி. தங்கை எழுந்து வெளியே போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. இது பேச்சுக்குச் சொல்வதில்லை. எந்த இடத்தில் கத்தியை வைத்து எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்றுகூட அவள் கை நினைத்துப் பார்த்தது. பிறகு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். டாக்டர் அவளைத் தனியாக வைத்து, வீட்டுக்குப் போக வேண்டாம், பெண்கள் தங்க ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா, "துணிமணி எல்லாம் அங்க இருக்குதுங்க டாக்டர், எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். இவ்வளவு அடி வாங்கியும் நாலு துணியை விட்டுவர மனம் வராத பெண்களை என்ன சொல்லித் திட்டுவது! துணியைத் தானே எடுத்து வருகிறேன் என்று தங்கை மன்றாடினாள். "நீ உள்ள வந்தா சண்டைதான் வரும். ஞாயித்துக்கிழமை அந்தாளு தூங்குவான், நானே வந்துடுவேன்" என்று அக்கா முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே போலீஸ்காரர் ஒருவர் டயர் கடைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் இருந்த வரைக்கும் டயர்க்காரன் அவருக்கு நாற்காலி போட்டு, குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, "குடும்பம்னா இருக்கறதுதானே சார்" என்று சிரித்தானாம்.

ஞாயிறு மதியம் அக்காவின் எண்ணிலிருந்து தங்கைக்கு போன் வந்தது. பேசியது அவன்.

"உங்கக்கா ஊருக்குக் கிளம்பறாளாமே? வா, வந்து வழியனுப்பிட்டுப் போ."

அவள் ஓடினாள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்ததும் அவன் அதை முழுக்க இறக்கினான். அக்கா முற்றத்தில், டயர்களுக்கு நடுவில் தரையில் கிடந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பக்கத்தில் மூட்டை அவிழ்ந்து, நாலே நாலு துணி சிதறிக் கிடந்தது. அவன் கையில் அந்த நெம்புகம்பி இருந்தது.

"நில்லு அங்கயே" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "ஏஜென்ட் உனக்கு என்ன சொன்னான்னு இவ வாயிலேர்ந்தே வாங்கிட்டேன். உன் பேர்ல ஒரு கேஸ் வந்தா நீ இந்தத் தெருவைத் தாண்ட முடியாது. அப்புறம் இவளை எவ கூப்பிட்டுக்குவா? எங்க, கை வை பாப்போம்."

சொல்லிவிட்டு அக்காவின் வயிற்றில் உதைத்தான். அக்காவிடமிருந்து சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"மாமா, வேணாம்." தங்கையின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "உங்க காலைப் பிடிக்கறேன் மாமா. விட்டுடுங்க."

"கேட்டியாடி? கத்திக்காரி காலைப் பிடிக்கறாளாம்!" அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அக்காவின் முடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தை டயரில் மோதினான். மறுபடி மோதினான். ஒவ்வொரு தடவையும் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கை இரண்டும் பைக்குள் இருந்தன. பையின் துணி கிழிகிற அளவுக்கு முறுக்கிப் பிடித்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நாடு வேண்டும், அனுமதி வேண்டும், அக்காவை அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தரையில் அக்காவின் இடது கை கிடந்தது. அவன் அதன் மேல் பூட்ஸ் காலை வைத்தான்.

"தகடு எவ்ளோ தாங்குதுன்னு பாப்போமா?" என்று கேட்டுவிட்டு, முழு எடையையும் காலில் இறக்கினான். நன்றாக மிதிக்க வசதியாக இருக்கட்டும் என்று கம்பியைப் பக்கத்து டயரில் சாய்த்து வைத்தான்.

அக்கா அலறினாள். அத்தனை வருஷத்தில் அவள் அலறித் தங்கை கேட்டது அதுதான் முதல் தடவை.

கம்பி எப்போது கைக்கு வந்தது என்று கத்திக்காரிக்குத் தெரியாது. முதல் அடி முழங்காலில். அவன் அலறிக்கொண்டே மடங்க, முகம் அவள் உயரத்துக்கு இறங்கியது. இரண்டாவது அடி தாடையில். பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. பல்லும் ரத்தமும் அவள் கையிலும் சட்டையிலும் தெறித்தன. அவளுக்கு அது பழக்கமான விஷயம், கண்ணைக்கூட மூடவில்லை. அவன் பின்னால் சாய்ந்து டயர் அடுக்கின் மேல் விழுந்தான், அடுக்கு சரிந்து அவன் மேலேயே விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கம்பியைத் தலைக்கு மேல் ஓங்கினாள். அந்த அடி விழுந்திருந்தால் அவன் இல்லை.

அக்கா ஊர்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "போதும்டி. போதும். செத்துடுவான்."

"சாவட்டும்!"

"வேணாம். கம்பியைக் கொடு."

தங்கை கையைத் தாழ்த்தினாள். கம்பி கீழே விழுந்தது. அவளும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "போச்சுக்கா. எல்லாம் போச்சு. நானே கெடுத்துட்டேன்." வெளியே தெருவில் ஆள் கூடுகிற சத்தம் கேட்டது. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்கிற தெரு, ஆண்பிள்ளை அலறினால் மட்டும் கதவைத் திறக்கும். யாரோ போலீஸுக்குப் போன் செய்வதும் காதில் விழுந்தது.

அக்கா ஒரு கண்ணால் தங்கையைப் பார்த்தாள். பிறகு கிரீஸ் துடைக்கிற துணியை எடுத்துக் கம்பியை நுனியிலிருந்து அடி வரைக்கும் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தன் வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன செய்கிறாள் என்று தங்கைக்கு உறைத்தது.

"அக்கா, பைத்தியமா உனக்கு? கொடு அதை! கேஸ் ஆனா உன்னைக் கூப்பிட்டுக்கவே முடியாது. எந்த நாட்டுக்கும் நீ போக முடியாது."

"எனக்கு அந்தாளு இல்லாத இடம்தானே வேணும்? ஜெயில்ல இருக்க மாட்டான்ல."

"அவன் சொல்லுவான், நான்தான் அடிச்சேன்னு!"

"தாடை உடைஞ்சா ரெண்டு மாசத்துக்குப் பேச்சு வராது. எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறமும் மச்சினிச்சிகிட்ட அடி வாங்கினேன்னு வெளிய சொல்ல மாட்டான்." மூச்சு வாங்கியது. ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷமா நான் வாங்கின அடியெல்லாம் உன் பேர்ல இருந்துச்சு. நீ கொடுத்த இந்த அடி என் பேர்ல இருந்துட்டுப் போவட்டும். எந்திரி. கையைப் பாக்கெட்ல வை."

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் டயர்களை விலக்கி, கீழே கிடந்தவனின் மூச்சைப் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். இன்னொருவர், முன்பு விசாரிக்க வந்து குளிர்பானம் குடித்துவிட்டுப் போனவர், மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பி இருந்த கையையும் அதைப் பிடித்திருந்த உடம்பையும் பார்த்தார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நீங்களா? இந்த உடம்பை வெச்சிக்கிட்டா?"

"உள்ள இரும்பு இருக்கு சார்" என்று சட்டைக் கையை விலக்கி, வீங்கிப் போன இடது கையைக் காட்டினாள். "சந்தேகம்னா படம் எடுத்துப் பாருங்க. டாக்டர்கிட்ட இருக்கு."

அவர் நோட்டை எடுத்தார். "பேரு?"

தங்கை வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாக எல்லாக் கவுண்ட்டர்களிலும் அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயரைச் சொன்னாள். தன்னுடைய சொந்தப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக, உடைந்து கூடிய தாடையால் முடிந்த வரைக்கும் தெளிவாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"நீங்க யாரு?" என்று தங்கையைக் கேட்டார்.

"தங்கச்சி."

"நீங்க கை வெச்சீங்களா?"

கத்திக்காரிக்கு ஆமாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அக்காவை நினைத்து நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

"அவளா?" என்றாள் அக்கா. "அவ வந்ததுலேர்ந்து பாக்கெட்லேர்ந்து கையை எடுக்கவே இல்லைங்க."

போலீஸ்காரர் தங்கையின் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். பைத் துணியில் ரத்தம் மெதுவாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. "கோழி ஃபாக்டரியில வேலை பாக்கறா" என்றாள் அக்கா. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, நோட்டை மூடினார்.